பதினோரு விடுதலையும் ஒரு மோட்டாரும்

"கூண்டுல ஏறினா கை நடுங்குமா சார்?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"எனக்குத் தரையில நின்னாலே நடுங்கும். நீங்க நடுங்கக் கூடாது," என்றார் அரசு வழக்கறிஞர்.

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மைதான். இதுவரை நடத்திய பதினோரு வழக்குகளிலும் கோட்டை விட்டவர். கோர்ட்டில் அவருக்கு 'விடுதலை வக்கீல்' என்றே பட்டப்பெயர். "உங்ககிட்ட மாட்டினா திருடனுக்கு நல்ல காலம்தான்" என்பாள் மனைவி. இந்தப் பள்ளிக்கூடத் தண்ணீர் மோட்டார் திருட்டிலும் தோற்றால் பதவி போய்விடும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

கேஸ் கட்டு காலையில்தான் கைக்கு வந்தது. "மோட்டார் கேஸ் ஆளு அதோ சார்" என்று கான்ஸ்டபிள் வராந்தா பெஞ்சைக் காட்டினார். பழைய காக்கிச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் வக்கீல் தன் அறைக்கு அழைத்து வந்திருந்தார்.

"மோட்டார் போனதை நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எவ்வளவு தூரத்துலேர்ந்து?"

"தூரமே இல்ல சார். கைக்கெட்டற தூரம்."

"பூட்டை எதால உடைச்சாங்க?"

"உடைக்கல சார். பின்பக்கத் தகரத்தைக் கழட்டினது. நாலு ஸ்க்ரூ. அதுல ஒண்ணு துருப்பிடிச்சு, ஒரே படுத்தல்."

வக்கீலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவருடைய சாட்சிகள் கூண்டேறியதும் சொந்தப் பெயரையே மறந்துவிடுகிறவர்கள். இப்படி ஒருவர் இத்தனை வருஷம் எங்கே இருந்தார்!

காக்கிச் சட்டைக்காரரின் கண் கலங்கியது. "பிள்ளைங்க தண்ணி இல்லாம தவிச்சதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல சார். எம் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. உண்மையைச் சொன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது! யாராவது மாத்திச் சொல்லச் சொல்லியிருந்தா மறந்துடுங்க. நான் இருக்கேன்ல?"

வழக்கு அழைக்கப்பட்டது. வக்கீல் கம்பீரமாக எழுந்து சாட்சிக் கூண்டைப் பார்த்தார். அதில் ஏறிக்கொண்டிருந்தவர், இதுவரை அவர் கண்ணிலேயே படாத பள்ளிக்கூட வாட்ச்மேன்.

எதிரே, குற்றவாளிக் கூண்டில் நின்ற காக்கிச் சட்டைக்காரர் கை கூப்பினார். "ஐயா, மோட்டாரை எடுத்தது நான்தான். உண்மையைச் சொன்னா ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு அரசாங்க வக்கீல் சார் தைரியம் குடுத்தாரு."

வாழ்க்கையில் முதல் வழக்கை ஜெயித்த விடுதலை வக்கீல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குற்றவாளியின் தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடத் தொடங்கினார்.