டிராக்டரில் ஜரிகை

"வெள்ளிய வெச்சி உயிரோட வெளையாடறீங்களே முதலாளி!"

எலெக்ட்ரீஷியன் எல்லப்பன் போட்ட சத்தத்தில், ஆரணிக் கடைவீதியின் அந்தப் பட்டுப் புடவைக் கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற பழைய டிராக்டரின் பியூஸ் பெட்டியை அவன் திறந்திருந்தான். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஜரிகை நூல் பளபளவென்று சுற்றியிருந்தது.

கடை முதலாளி சந்திரமோகன் எட்டிப் பார்த்தார். "பியூஸ் பூடுச்சின்னு டிரைவர் நம்ம கட ஜரிகைய சுத்தி வெச்சான். அப்பவும் லைட்டு எரியல. ஒயரெல்லாம் பழசுப்பா, மொத்தமா மாத்திடு."

"கரண்டு ஜாஸ்தியானா பியூஸ் அறுந்துடணுங்க. இவ்ளோ வெள்ளிய சுத்தினா எங்க அறுவும்? ஒயருதான் தீப்பிடிக்கும். வைக்கோல் ஏத்தற வண்டி வேற! எங்க வூட்டுக்காரி கொலுசுல கூட இவ்ளோ வெள்ளி இல்ல."

சந்திரமோகனுக்குக் கோபம் வரவில்லை, குஷி வந்துவிட்டது. உள்ளே சேத்துப்பட்டு கெங்கம்மாள், மகளின் முகூர்த்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களாம்மா? எங்க ஜரிகைய பாத்து எலெக்ட்ரீஷியனே நடுங்கறான். அசல் வெள்ளி!"

"ஒரே பொண்ணுங்க. சம்மந்தி வூட்டுல ஜரிகைய ஒரசிப் பாப்பாங்களாம். அதான் பயமா கீது."

"ஒரசட்டும், உருக்கட்டும்! வாசல்ல நிக்கறானே, அவனே சாட்சி."

கெங்கம்மாள் முகம் தெளிந்தது. "அப்ப இதையே பில்லு போட்டுடுங்க."

வெளியே எல்லப்பன் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினான். தோல் உரிந்த இடமெல்லாம் டேப் சுற்றி, சைலன்சர் ஓரம் உரசிக்கொண்டிருந்த ஒயரைத் தள்ளிக் கட்டினான். ஜரிகையை உருவிவிட்டுப் புது பியூஸ் மாட்டினான். பேட்டரியைச் சேர்த்து சுவிட்சைப் போட்டதும் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன.

"பாத்தீங்களா, எரியுது!" என்று கெங்கம்மாளிடம் பெருமையாகச் சொன்ன சந்திரமோகன், பில் புத்தகத்தைப் பிரித்தபடி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எத்தினி ஒயருப்பா போயிருந்தது?"

உருவிய ஜரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லப்பன் தலையைச் சொறிந்தான்.

"ஒயரெல்லாம் மேல தோலுதான் போயிருந்திச்சி, உள்ள கம்பி நல்லாத்தான் கீது முதலாளி. உங்க வெள்ளியிலதான் கரண்டு போவல!"