கழற்றிய பம்பு

குருநாதனிடம் இருந்ததுபோன்ற பழைய சின்ன டீசல் டிராக்டர் அந்தப் பக்கத்தில் நல்லமுத்துவிடம் மட்டும்தான் இருந்தது. நல்லமுத்து செத்துப்போன சேதி வந்ததும், தன் வண்டியில் கெட்டுப்போய், வேறெங்கும் மாற்றுக் கிடைக்காத டீசல் பம்புதான் குருநாதனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது. கூசிப்போய், மாலை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

துக்க வீட்டில் மெக்கானிக் பழனிவேல் அவரைக் கொட்டகைக்குள் இழுத்துப் போனான். நல்லமுத்துவின் டிராக்டரில் பம்பு இருந்த இடம் காலியாக இருந்தது. குழாயிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது.

“உங்களுக்காகத்தாண்ணா கழட்டினேன். பொணத்த எடுத்துட்டா அவரு மச்சானுங்க கொட்டகையப் பூட்டிருவாங்க.”

“அந்த ஆளு இன்னும் வாசல்ல கெடக்குறாருடா. நீ மனுசனா?”

“அதனாலதான் இங்க யாரும் இல்ல.”

குருநாதன் காறித் துப்பினார். அறைவதற்குக் கையை ஓங்கியவரின் வாயிலிருந்து வேறொன்று வந்து விழுந்தது.

“இன்ஜெக்டரையும் எடுத்தியா?”

“ஒண்ணுதான் வந்துச்சு. இன்னொண்ணு இறுகிப்போச்சு.”

தன் குரலை அவராலேயே தாங்க முடியவில்லை. அதற்குள் நல்லமுத்துவின் மகன் அழுத முகத்தோடு வந்து நின்றான்.

“பெரியப்பா, தோள் குடுக்க ஆள் பத்தல. ரெண்டு பேரும் வாங்க.”

பழனிவேல் டீசல் கறையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். எதையும் தொடாத தன் கைகளைத் துடைத்துக்கொண்டே குருநாதனும் பின்னால் போனார்.