பனிக்கரடியின் பின்னணிப் படம்

வடதுருவம் பற்றிய இணையக் கூட்டத்தில் பேசப் பனிக்கரடியை அழைத்திருந்தார்கள். அது தன் பனிப்பாளத்தின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, எதிரே அமர்ந்தது. பின்னால் குட்டி உறங்கிக்கொண்டிருந்தது.

"பின்னணிப் படம் பிரமாதம் அம்மா. எங்கே பிடித்தீர்கள்?" என்றது ஆமை.

"படமில்லை ஐயா, வீடு."

எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். தலைமை வகித்த ஆந்தை வரவேற்புரையைத் தொடங்கியது. அது முடிவதற்குள் பனிப்பாளம் இரண்டாகப் பிளந்தது. குட்டி படுத்திருந்த பாதி மெல்ல விலகியது.

"ஐயா, என் குட்டி போகிறது."

"உங்கள் முறை இன்னும் வரவில்லை அம்மா. படம் வேறு ஆடுகிறது. இணைப்பைக் கொஞ்சம் பாருங்கள்," என்றது ஆந்தை அன்பாக.

கரடி தண்ணீரில் குதித்தது.

அதன் முறை வந்தபோது திரையில் அதன் கட்டத்தில் யாருமில்லை.

"நல்ல பேச்சாளர், வந்துவிடுவார். காத்திருப்போம்," என்றது ஆந்தை.

காத்திருந்தார்கள். ஆமை மட்டும் கழுத்தை நீட்டித் திரையை உற்றுப் பார்த்தது. தூரத்தில் ஒரு வெள்ளைத் தலை நீந்திக்கொண்டிருந்தது. அதற்கும் குட்டிக்கும் நடுவே நிறையத் தண்ணீர் இருந்தது.