இரண்டு கரும்புள்ளிகள்

"ஆணா, பொண்ணான்னு நல்லாப் பாத்துச் சொல்லு, எல்வீரா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மாமியார் தொமாசா காட்டிய இடத்தில், இறந்தோர் நாள் படையலின் செண்டுமல்லிக் கொத்தில், ஒரு மொனார்க் வண்ணத்துப்பூச்சி சிறகை மூடி உட்கார்ந்திருந்தது. மலைக்குளிர். வெயில் பட்டால்தான் அது சிறகை விரிக்கும். எல்வீரா கைபேசியை நீட்டியபடி காத்திருந்தாள்.

எல்லை தாண்டி வடக்கே பிழைக்கப்போன கணவன் ஃபெர்மினிடமிருந்து ஒன்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை. செத்தவர்கள் இந்த நாளில் வண்ணத்துப்பூச்சியாக வடக்கிலிருந்து வீடு திரும்புவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. அவன் படத்தையும் படையலில் வைத்துவிடு என்று ஊரே சொல்லியாயிற்று. எல்வீரா மசியவில்லை. ஆண் பூச்சி ஒன்று இந்த வீட்டுப் படையலில் வந்து உட்காரட்டும், அப்போது நம்புகிறேன் என்று ஒரே பிடி. தொமாசாவும் போன வருடம்வரை அவள் கட்சிதான். காட்டுக் காவலர் லாசரோ எத்தனை முறை அவளைப் பெண் கேட்டு வந்தாலும் கிடைத்தது வெறும் காபி.

ஜன்னல் வெயில் பூவைத் தொட்டது. சிறகு விரிந்தது. எல்வீரா படம் பிடித்துப் பெரிதாக்கினாள். காட்டில் வழிகாட்டியாக, சுற்றுலா வருகிறவர்களுக்குத் தினமும் அவள் சொல்லும் அடையாளம்தான்: ஆணுக்குப் பின்சிறகு இரண்டிலும் நரம்பை ஒட்டி ஒவ்வொரு கரும்புள்ளி இருக்கும், பெண்ணுக்குக் கிடையாது.

இதற்கு இருந்தது.

"ஆண்தான், அத்தே," என்றாள். மாமியார் தோளில் சாய்ந்து ஒன்பது வருட அழுகையையும் அழுது தீர்த்தாள்.

"அழு. இன்னையோட சரி. படத்த நான் படையல்ல வச்சிடறேன், நீ மூஞ்சியக் கழுவு. வெளிய லாசரோ குதிரையோட நிக்கிறான். இன்னைக்காவது காபியோட ஒரு பதிலும் குடு."

சற்று நேரத்தில் வாசலில் எல்வீராவின் சிரிப்பு கேட்டது. அந்த வீடு அதைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தொமாசா மகனின் படத்தைப் படையலில் வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். "நல்லா இருடா," என்றாள்.

விடியும்போதே காட்டுக்குப் போய், மரத்தடியில் குளிரில் விறைத்துக் கிடந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, புள்ளி பார்த்துப் பொறுக்கிய விரல்களில் இன்னும் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தது. அதே விரல்களால், போன வாரம் வடக்கிலிருந்து வந்த கடிதத்தை மடியிலிருந்து எடுத்தாள். புது மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் ஃபெர்மின் சிரித்துக்கொண்டிருந்த புகைப்படத்தையும் அதோடு சேர்த்து அடுப்பில் போட்டாள்.