வேகத்தடை கேட்ட கடிதம்

“ஆறு வாரமாச்சு. இன்னிக்காவது பதில் வந்திருக்குமாங்க?” கோப்பையில் மைலோ பானத்தை ஆற்றியபடி என் மனைவி டோரிஸ் கேட்டாள்.

பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும் என்று அவள் பாடம் எடுக்கும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். கெஞ்சாமல், காரணம் காட்டி எழுத ஒரு மாதம் பழக்கியிருந்தாள். அனுப்பிவிடுவதாகச் சொல்லித் தலைமையாசிரியர் வாங்கிக்கொண்டார்.

“அவங்களாவது பதில் போடுறதாவது. ஆபிஸ்ல தூங்குவாங்க லா,” என்றேன்.

“பிள்ளைங்க தினம் கேக்குதுங்க. நான் என்னன்னு சொல்ல?”

அன்று மதியம், அந்த வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்கவிட்டுக்கொண்டிருந்தவளைச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒன்று அடித்துப் போட்டது. அடக்கத்துக்குப் பிறகு, நகராண்மைக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே காறித் துப்புவேன்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் என்னைப் பள்ளிக்கு அழைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், டீச்சரோட பிள்ளைங்க கடிதத்துக்கு மாநிலப் போட்டியில முதல் பரிசு! இதைப் படிச்சா யாருமே மறுக்க முடியாதுன்னு நடுவருங்க எழுதியிருக்காங்க.”

“நகராண்மைக் கழகத்துல மட்டும் பதிலே போடலையே.”

“அங்க எங்க சார் அனுப்பினேன்? போட்டிக்கு ஒரிஜினல் வேணும்ல. புகார் கடிதம் போனா பள்ளிக்கும் பேரு கெட்டுடும்.”

கைகுலுக்க நீட்டிய அவர் கையை நான் தொடவில்லை.

கடிதம் இன்றும் கண்ணாடிச் சட்டத்தில் அவர் அறைச் சுவரில் தொங்குகிறது. பெறுநர் என்ற இடத்தில் நகராண்மைக் கழகத்தின் முகவரி, பிள்ளைக் கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது.