வயிற்றில் பச்சைக் கோடு

“யாரு போட்டீங்க சாப்பாடு? நேத்துலேருந்து பட்டினி போட்டு வச்சிருக்கேன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

எதிர்வீட்டுப் பெண்கள் இருவரில் பெரியவளின் குரல் மூடிய கதவைத் தாண்டி என் அடுப்படிவரை வந்தது.

சர்க்கரை கடன் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டு டப்பாவில் சர்க்கரை கழுத்துவரை இருந்தது. அது வேறு விஷயம்.

கூடத்தில் பெரியவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத் தேதி குறிக்க வந்தவர்கள். டீயைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப். அதைச் சுற்றிக் கண்ணாடிக் குடுவைகள்.

பட்டினி கிடந்தவை கடல் பூச்சிகள். எள்ளைவிடச் சிறியவை. பூச்சி என்று சொன்னால் பெரியவளுக்குக் கோபம் வரும். விலங்கு மிதவையுயிரி என்று வாய் நிறையச் சொல்லவேண்டும். எங்களுக்குப் பூச்சிதான்.

கண்ணுக்கே தெரியாத பாசியை இவை தின்னும். இவற்றை மீன்குஞ்சு தின்னும். மீனை நாம் தின்போம். ஒரு பூச்சி எவ்வளவு பாசி தின்கிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அளப்பதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்கவேண்டுமாம். அதற்காக வடிகட்டிய கடல் தண்ணீரில் ஒரு நாள் பட்டினி. உடம்பு கண்ணாடி மாதிரி. தின்றதை மறைக்கத் தெரியாத ஜென்மங்கள். தின்றிருந்தால் நடுவில் ஒரு பச்சைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்கு அத்தனை வயிற்றிலும் பச்சைக் கோடு.

“பாசிப் புட்டியோட மூடியை நேத்துலேருந்து நான் தொடவே இல்ல,” என்றாள் பெரியவள். “அப்புறம் எப்படி?”

இது மூன்றாவது தடவை. ஆய்வுக்கூடத்தில் மராமத்து நடக்கிறது என்று குடுவைகளை வீட்டு ஏசி அறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இதே கதைதான்.

இந்தச் சோதனை முடிந்தால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் கல்யாணம் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். படிக்கிற பெண்ணிடம் யார் மறுத்துப் பேசுவது? கல்யாணமானதும் மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊருக்குப் போயாகவேண்டும். அங்கே கடலே கிடையாது.

ஆக, ஒரு கல்யாணமே எள்ளைவிடச் சிறிய வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாருடைய பார்வையும் சின்னவள் பக்கம் திரும்பியது. தெருப் பூனைகளுக்கெல்லாம் பால் வைக்கிறவள்.

“பாவமாத்தான் இருந்துச்சு,” என்று மூக்கை உறிஞ்சினாள். “ஆனா நான் போடலக்கா.”

முதல் பாதியே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை.

மாப்பிள்ளை பேச்சை மாற்றப் பார்த்தார். “ரொம்பப் பசிச்சா இதுங்க என்னங்க பண்ணும்?”

“சொந்த முட்டையையே தின்னும்.”

“எனக்கு அந்தப் புத்தி அப்பவே இல்லாமப் போச்சே,” என்றாள் பெற்றவள்.

சம்பந்தியம்மா டீயைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த சின்னவளுக்கும் வந்துவிட்டது. அவர் கைக்குட்டையை நீட்டினார். அவள் மூக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அதற்குத்தானே போனேன்.

பிறகுதான் கிண்ணம் ஞாபகம் வந்தது. பெரியவளே அடுக்களைக்குப் போய்ச் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். கிண்ணம் கைமாறும்போது நான் ஒரு கணம் குனிந்து பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க அத்தை,” என்று மேலும் இரண்டு கரண்டி போட்டாள். சர்க்கரை குவிந்து வழிந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு தாராளத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

தேதி மறுபடியும் தள்ளிப்போனது. சம்பந்தியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. மாப்பிள்ளைக்குப் போகவில்லை, அவர் வந்து சின்னவளைக் கேட்டார். செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கியவள், நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டு கடல் இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் பூனைகள் இருக்கின்றனவாம்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே பெரியவளின் சோதனை பிசகில்லாமல் நடந்தது. அத்தனை பூச்சிகளும் வயிறு சுத்தமாகப் பட்டினி கிடந்தன. பட்டம் வாங்கிய கையோடு அவள் ஏதோ ஒரு தீவில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். இன்னும் கட்டிக்கொள்ளவில்லை.

சின்னவள் வீட்டைவிட்டுப் போனதால்தான் பூச்சிகள் ஒழுங்காகப் பட்டினி கிடந்தன என்று அவர்கள் அம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அன்றைக்குச் சர்க்கரை அள்ளிப்போட்ட கையின் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு பச்சைக் கோடு இருந்தது.