நேற்றைய சட்டை

கணவர் நேற்று கழற்றிப் போட்ட சட்டையை மூக்கோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள் தையற்காரி. கொரோனா வந்து போய் ஒரு வருடமாகியும் அவளுக்கு வாசனை திரும்பவில்லை. அதே நோயில் அப்போது படுத்த கணவர், ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தவர். இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் சட்டைப் பையைத் திருப்பிப் பார்க்கிறாள். நூல் பிசிறு மட்டும்தான் இருக்கிறது. குளியலறையில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் ஓய்ந்தபாடில்லை. ஒருவழியாக ஈரத் தலையோடு வெளியே வந்தவர், அவளைப் பார்த்ததும் அப்படியே நிற்கிறார். “என்ன பண்ற?” “துவைக்கணுமான்னு பாக்குறேன்.” “உனக்குத்தான் வாசனையே தெரியாதே” என்று சிரிக்கிறார். சிரிப்பு இருமலாக மாற, கதவைப் பிடித்துக்கொள்கிறார்.

அவள் மகளைக் கூப்பிட்டுச் சட்டையை நீட்டுகிறாள். “நீ மோந்து பாருடி.” மகள் முகர்கிறாள். அவள் பார்வை சட்டைக்கு மேலாக அப்பாவிடம் போய்த் திரும்புகிறது. “சோப்பு வாசனைதாம்மா வருது.” நாள் முழுக்க வியர்வையில் ஊறிய சட்டை அது. தையற்காரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். இருவருமே அவளைப் பார்க்கவில்லை.